லயத்திலிருந்து வாக்குச்சாவடி வரை

கேள்வி: இலங்கையின் ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டங்களில் சிறிய சமூக அமைப்பொன்றை நடத்துகிறோம். கட்சி சாராமல் வாக்காளர்களுக்கு உதவ முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தேர்தல் கண்காணிப்பு அமைப்பான பெப்ரல் 1987 முதல் இந்தப் பணியில் இருக்கிறது. உங்கள் வேலை தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், வாக்காளர் இடாப்பில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். பதினெட்டு வயதான பிள்ளைகளையும், கொழும்புக்கு வேலைக்குப் போனவர்களையும் மறக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றிருந்தால், அவர்களோடு கிராம உத்தியோகத்தரிடம் நீங்களும் கூடவே போங்கள். கொழுந்து பறிக்கும் பெண் அரைநாள் சம்பளத்தை இழந்து தனியாக அலைய முடியாது.

அடுத்தது வாக்குச்சீட்டு. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்பத்தை எண்ணால் குறிக்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு மூன்று வேட்பாளர் இலக்கங்கள் வரை புள்ளடி. மாதிரிச் சீட்டைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள். அதில் உண்மையான கட்சிச் சின்னம் எதுவும் வேண்டாம். வாக்காளருக்கு அரிசிப் பொதி கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

இடாப்பில் பெயர் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? 1948 குடியுரிமைச் சட்டத்தையடுத்து மலையகத் தமிழர் வாக்குரிமையை இழந்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்த சட்டம் வந்தது 2003இல்தான். ஆகவே ஒரு பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.