எந்த ஊரில் கூடாரம் போடுவது?



"அண்ணே, கனடா விசா வந்துடுச்சு. சபையில சாட்சியும் சொல்லிட்டேன். எந்த ஊருக்குப் போறதுன்னுதான் தெரியல. நீங்களே ஒரு ஊரைச் சொல்லுங்க." இப்படிக் கேட்கிற பிள்ளைகள் இன்றைக்கு நம் மத்தியில் அநேகர். விசாவுக்காக மூன்று வருஷம் உபவாசம் இருந்து ஜெபித்தவர்கள், ஊரைப் பற்றி விசாரிக்க மூன்று நாள்கூடச் செலவழிப்பதில்லை. "டொரோன்டோவில மச்சான் இருக்கான்", "கால்கரியில வரி கம்மியாம்". ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

கனடா ஒரு ஊர் அல்ல. அதில் 10 மாகாணங்களும் 3 பிரதேசங்களும் உண்டு. கிழக்குக் கரையில் செயின்ட் ஜான்ஸுக்கும் மேற்குக் கரையில் வான்கூவருக்கும் நடுவே ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். மருத்துவம், பள்ளிக்கூடம், தொழில் லைசென்ஸ் எல்லாம் அந்தந்த மாகாணத்தின் கையில் இருக்கிறது. ஆகையால் தேசத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி ஊரைத் தெரிந்துகொள்வது. அதை இந்த மாதம் பாடமாகப் படிப்போம்.

லோத்து எதைப் பார்த்தான்?

ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆபிராம் பெருந்தன்மையாக, "நீயே முதலில் எடுத்துக்கொள்" என்று விட்டுக்கொடுக்கிறார். லோத்து நின்ற இடத்திலிருந்தே ஒரு பார்வை பார்க்கிறான். யோர்தான் பக்கம் நல்ல தண்ணீர், நல்ல பச்சை. முடிந்தது தீர்மானம்.

மந்தை வைத்திருக்கிறவன் புல்லைப் பார்த்தது தப்பில்லை. புல்லை மட்டும் பார்த்ததுதான் தப்பு. அங்கே யார் குடியிருக்கிறார்கள், என் பிள்ளைகள் யாரோடு வளருவார்கள் என்று அவன் விசாரித்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் சோதோமுக்கு நேராகக் கூடாரம் போட்டான். 14ஆம் அதிகாரத்தில் சோதோமுக்குள்ளே குடியிருந்து, அந்த ஊரோடு சேர்ந்து சிறைப்பட்டுப் போனான். 19ஆம் அதிகாரத்தில் பட்டண வாசலில் உட்கார்ந்திருக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் ஆளை இழுத்துக்கொண்டது.

இப்போது எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். கானான் தேசம் ஏற்கெனவே வாக்குப்பண்ணப்பட்ட தேசம். ஆனாலும் மோசே 12 பேரை அனுப்புகிறார். நிலம் நல்லதா, ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள், ஊர்களுக்கு மதில் உண்டா, மரங்கள் உண்டா என்று கேள்விகளையும் எழுதாத குறையாகக் கொடுத்து அனுப்புகிறார். 40 நாள் சுற்றிப் பார்த்தார்கள். "ஜெபிச்சிட்டேன், இனி விசாரிச்சா அவிசுவாசம்" என்று சொல்லுகிற தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும். விசாரிக்கிறது அவிசுவாசம் ஆகாது.

மோசேயைப் போல நாமும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

1. இரண்டு பேருக்கும் வேலை உண்டா?

கணவனுக்கு வேலை கிடைத்தவுடனே பெட்டி கட்டிவிடுகிறோம். மனைவி நர்ஸாகவோ டீச்சராகவோ இருந்தால் அவர்களுடைய லைசென்ஸை அந்த மாகாணம்தான் கொடுக்க வேண்டும். எந்த மாகாணத்தில் என்ன பரீட்சை, எத்தனை மாதம், வகுப்பு எந்த நகரத்தில் நடக்கிறது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்னே கேளுங்கள்.

ஒரே தொழிலை நம்பி நிற்கிற ஊரா என்றும் பாருங்கள். ஒன்டாரியோவில் எலியட் லேக் என்ற ஊர் 1950களில் யுரேனியம் சுரங்கத்துக்காகவே உண்டாக்கப்பட்டது. 1996இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. வீடுகள் காலியாக, பென்ஷன் வாங்குகிற முதியோரை அழைத்துக் குடிவைத்து ஊரைக் காப்பாற்றினார்கள். ஆல்பர்ட்டாவின் ஃபோர்ட் மெக்மரியில் எண்ணெய்த் தொழிலால் சம்பளம் கொட்டியது. 2014க்குப் பிறகு எண்ணெய் விலை விழுந்தபோது அநேகர் வேலையை இழந்தார்கள். 2016 மே மாதம் காட்டுத்தீ வந்து 80,000க்கும் அதிகமானவர்கள் ஊரைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. சம்பளம் அதிகம் என்கிற ஊரில், "இந்த ஒரு வேலை போனால் இங்கே வேறு வேலை உண்டா?" என்று கேட்டுவையுங்கள்.

2. குளிரில் எப்படி நடமாடுவோம்?

ஜனவரி மாதம் வான்கூவரில் பெரும்பாலும் மழைதான். டொரோன்டோவில் பனியும் உறைகுளிரும் உண்டு. வின்னிபெக்கில் ராத்திரிக் குளிர் சராசரியாகவே மைனஸ் 20 டிகிரி அளவுக்குப் போகும். எட்மன்டனில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் ஏழரை மணி நேரம்தான். நம்முடைய சரீரம் இதற்கெல்லாம் பழகிவிடும், நல்ல கோட்டும் பூட்ஸும் இருந்தால் போதும். பெரிய கேள்வி வேறே: வீட்டிலிருந்து கடைக்கும் ஆலயத்துக்கும் கார் இல்லாமல் போக முடியுமா?

பெரிய நகரங்களில் பஸ் உண்டு. சிறிய ஊர்களில் பஸ்ஸே இல்லாத இடங்கள் அநேகம். ஊருக்கு ஊர் ஓடின கிரேஹவுண்டு பஸ்களும் 2018இல் மேற்கு மாகாணங்களில் பெரும்பாலும் நின்றன. 2021 மே மாதத்தோடு கனடாவின் உள்ளூர்த் தடங்கள் எல்லாமே நின்றுபோயின. நம் ஊர் டிரைவிங் லைசென்ஸை அப்படியே மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். எழுத்துப் பரீட்சை, ஓட்டுப் பரீட்சை என்று திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009இல் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு சின்ன ஊருக்கு என் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர்ப் பேர் வேண்டாம், அந்த ஊர் மேல் குற்றம் இல்லை. எனக்குத் தொழிற்சாலையில் வேலை. வாடகை டொரோன்டோ வாடகையில் பாதிகூட இல்லை. "கர்த்தர் வழி திறந்தார்" என்று எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். என் மனைவி நாகர்கோவிலில் 11 வருஷம் நர்ஸாக இருந்தவள். அங்கே அவளுடைய படிப்புக்கான வகுப்பு இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்தது. பஸ் இல்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். வீடு இருட்டாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "ஏன் லைட் போடல?" என்றேன். "லைட்டைப் போட்டு யாரைப் பார்க்க?" என்றாள். எங்கள் மகளைத் தவிர வேறு ஒரு ஆளோடு பேசி ஒன்பது நாளாகிவிட்டது என்று கணக்குச் சொன்னாள். கடைசியாக, "வாடகை எவ்வளவுன்னு கேட்டீங்க, சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்க. நான் அங்க எப்படி இருப்பேன்னு கேக்கவே இல்லையே" என்றாள். எனக்குப் பதில் இல்லை. நானும் லோத்தைப் போலப் புல்லைத்தான் பார்த்திருந்தேன்.

19 மாதத்துக்குப் பிறகு அதே மாகாணத்தில் சஸ்கட்டூன் நகரத்துக்கு மாறினோம். வாடகை கூடிற்று, என் சம்பளம் குறைந்தது. அவள் பஸ்ஸில் வகுப்புக்குப் போனாள். இரண்டு வருஷம் பாடுபட்டு லைசென்ஸ் எடுத்தாள். வீட்டில் திரும்பவும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் விட்டு வந்த அதே ஊரில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் சந்தோஷமாக வாழ்ந்தது. புருஷனுக்கும் மனைவிக்கும் உள்ளூரிலேயே வேலை, இருவருக்கும் கார் ஓட்டத் தெரியும். ஆகவே சின்ன ஊர் கெட்டது, பெரிய ஊர் நல்லது என்று சொல்லாதிருங்கள். உங்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த ஊர் பொருந்துமா என்று கேளுங்கள்.

3. பிள்ளைகள் எந்தப் பாஷையில் படிப்பார்கள்?

கியூபெக் மாகாணத்தில் 1977ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, புதிதாகக் குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிகளில் பொதுவாகப் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், அது அவர்களுக்கு ஒரு ஆஸ்தியும்கூட. ஆனால் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் படித்த பிள்ளையைத் திடீரென்று பிரெஞ்சு வகுப்பில் உட்கார வைத்தால் அந்தப் பிள்ளை திணறும். மான்ட்ரியலில் சொந்தக்காரர் இருக்கிறார், வாடகை குறைவு என்று போகிறவர்கள் முதலில் பிள்ளையின் வயதை எண்ணிப் பாருங்கள்.

4. கணக்கு எழுதிப் பார்த்தோமா?

வாடகை மட்டும் செலவு அல்ல. ஆல்பர்ட்டாவில் கடைப் பொருளுக்கு 5 சதவீத மத்திய வரி மட்டும்தான், மாகாண விற்பனை வரி கிடையாது. ஒன்டாரியோவில் 13 சதவீதம், நியூ பிரன்ஸ்விக்கில் 15 சதவீதம். ஒன்டாரியோவில் கார் இன்சூரன்ஸ் நீங்கள் குடியிருக்கிற பகுதியைப் பொறுத்தே மிகவும் வித்தியாசப்படும். வாடகை குறைவான புறநகரில் இரண்டு கார் வைத்து ஓட்டினால், மிச்சம் பிடித்ததெல்லாம் பெட்ரோலுக்கும் இன்சூரன்ஸுக்கும் போய்விடும்.

ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்பணமாகக் கேட்கலாம். இங்கே இருந்துகொண்டே, கண்ணால் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதிருங்கள். படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு.

5. யார் மத்தியில் வாழ்வோம்?

1986 ஆகஸ்டில் 155 இலங்கைத் தமிழர்கள் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தார்கள். உள்ளூர் மீனவர்கள்தான் அவர்களைக் கண்டு காப்பாற்றினார்கள். அந்தக் கரையின் ஜனங்கள் அன்பாய் இருந்தும், அவர்களில் அநேகர் மான்ட்ரியலுக்கும் டொரோன்டோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் சொந்த ஜனம் இருந்தது. தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஆள் வேண்டும் என்பது மனுஷ சுபாவம். ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கம் தமிழர் பெருகினதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதில் நன்மை உண்டு: தமிழ்க் கடை, தமிழ் ஆராதனை, பிரசவ நேரத்தில் கஞ்சி கொண்டுவர ஒரு அக்கா. ஆபத்தும் உண்டு: பத்து வருஷமாகியும் ஆங்கிலம் பேசப் பழகாதவர்கள் இருக்கிறார்கள். "அவங்க வீடு வாங்கிட்டாங்க, நாம இன்னும் பேஸ்மென்ட்டுலயா?" என்று ஒப்பிட்டு, கடனில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

சபையைப் பற்றியும் முன்னமே விசாரியுங்கள். பாஸ்டரிடம் மட்டும் கேட்காமல், அங்கே இருக்கிற சகோதரிகளிடம் உங்கள் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். "காய்கறி எங்க வாங்குவீங்க, பிள்ளைக்குச் சுகமில்லேன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டால் ஊரின் நிஜம் வந்துவிடும். குடும்ப மருத்துவர் கிடைக்காமல் காத்திருக்கிறவர்கள் அந்த தேசத்தில் அநேகர் என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு எச்சரிப்பு

மாகாண நியமனத்தின் மூலமாக விண்ணப்பிக்கிறவர்கள், "இந்த மாகாணத்தில் குடியிருப்பேன்" என்ற எண்ணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தரக் குடியுரிமை கிடைத்த பிறகு தேசத்துக்குள்ளே இடம் மாற 1982ஆம் வருஷத்து உரிமைச் சாசனம் அனுமதிக்கிறது. ஆனால் மனதில் டொரோன்டோவை வைத்துக்கொண்டு வேறு மாகாணத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது பொய்தான். ஏஜெண்ட் "எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்பார். விண்ணப்பத்தில் பொய் சொன்னதாகக் கண்டுபிடித்தால் 5 வருஷத் தடை உண்டு. புது வாழ்க்கையின் முதல் கல்லைப் பொய்யின் மேல் வைக்காதிருங்கள்.

இப்படிச் செய்து பாருங்கள்

• புருஷனும் மனைவியும் தனித்தனியாக உட்கார்ந்து, ஒரு ஊரில் தங்களுக்கு அவசியமான ஐந்து காரியங்களை எழுதுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு தாள் கொடுங்கள்.

• மூன்று ஊர்களை எடுத்து, மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பதில் தெரியாத இடத்தில் இன்னும் விசாரியுங்கள்.

• போனவுடனே வீடு வாங்காதிருங்கள். ஒரு குளிர்காலத்தை வாடகை வீட்டில் கழித்துப் பாருங்கள். ஜூலையில் எல்லா ஊரும் அழகாய்த்தான் இருக்கும்.

• போன ஊர் பொருந்தவில்லை என்றால் மாறுவதில் வெட்கம் இல்லை. "ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்று நினைத்து வீட்டிலிருக்கிறவர்களை வாடவிடாதிருங்கள். நான் 19 மாதம் தாமதித்தேன்.

பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தையும் (29ஆம் அதிகாரம்) வாசித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்திராமல், வீடு கட்டி, தோட்டம் போட்டு, அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்பதே அதன் சாரம். நன்றாக விசாரித்து ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்ட பிறகு அந்த ஊரை நேசியுங்கள். பக்கத்து வீட்டு வாசலில் பனி கிடந்தால் அதையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.

இந்த வாரம் குடும்ப ஜெபம் முடிந்ததும், போகப் போகிறவர்கள் உங்கள் மனைவியைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ அங்க எப்படி இருப்பே?" அவர்கள் சொல்லி முடிக்கும் வரை நடுவே பேசாமல் கேளுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பத்தை நல்ல இடத்தில் நிலைநிறுத்துவாராக. ஆமென்.