படுக்கையில் மாமியார், விழிப்பில் மருமகள்

கேள்வி: மறதிநோய் முற்றிப் படுத்த படுக்கையான மாமியாரை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர்களுக்கு உதவி எங்கே கிடைக்கும்? – வாசகி, மதுரை

பதில்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கை நோயாளிகளுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவதும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். முதியோர் உதவி எண் 14567.

நர்ஸ் வந்தால் ஊட்டும் முறையை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. தலையணை அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் கஞ்சி உள்ளே போன பிறகே அடுத்த கரண்டி. புரையேறிய கஞ்சி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

நாத்தனார் போனில் நலம் விசாரிப்பதெல்லாம் உதவிக் கணக்கில் வராது. சனிக்கிழமை ராத்திரி வந்து மாமியார் பக்கத்தில் படுத்தால், மருமகள் ஓர் இரவாவது தூங்குவார்.