ரெக்கார்டு நோட்டும் ஃபாரடேயும்



போன செமஸ்டரில் என் ரெக்கார்டு நோட்டை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவங்க. "இதெல்லாம் நீயே எழுதினதா சாமி?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரவில்லை. அது சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தது.

நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். 1812-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். அங்கே கிறுக்கிய குறிப்புகளைப் பிறகு படங்களோடு விரித்து எழுதி, தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. அதன் பிறகும் எழுதுவதை விடவில்லை. 1825-இல் தூண்டல் சோதனை தோற்றது. அதையும் தேதி போட்டு எழுதி வைத்தார். 1831-இல் ஜெயித்தார்.

இதில் நமக்குப் பாடம் மூன்று:

1. பார்த்ததை அன்றைக்கே சொந்த வார்த்தையில் எழுதணும்.
2. முதலில் கிறுக்கல், அப்புறம் திருத்தல்.
3. ரீடிங் தப்பாக வந்தால் அதையும், காரணத்தையும் எழுதணும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள்: ரெக்கார்டில் கையெழுத்துப் போடுமுன் எங்கள் அப்சர்வேஷன் நோட்டையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

இந்த செமஸ்டர் என் நோட்டில் அடித்தல் திருத்தல் ஏராளம். ஆனால் அம்மா கேட்டால், "நானே எழுதினதும்மா" என்று சொல்வேன்.