குறிப்பறிய வேண்டாத ஓர் இடம்

எங்கள் குழு தொடங்கியபோது அதற்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது: "எல்லோரும் மரியாதையாகப் பேசவும்." அதைப் போட்ட மறுநாள் ஒரு தம்பி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "அக்கா, மரியாதைன்னா எது எது? லிஸ்ட் குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்துப் பதில் போடாமல் விட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எழுதினார். "தப்பா கேட்டுட்டேனாக்கா? ஆபீஸ்லயும் நான் மரியாதை இல்லாம பேசறேன்னு சொல்றாங்க. எதுன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. அதான் கேட்டேன்."

எனக்கும் ஆட்டிசம் உண்டு. 34 வயதில்தான் தெரியவந்தது. அந்தத் தம்பி கேட்ட கேள்வியை நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்திருந்தவள். வாய் திறந்து கேட்டதில்லை. துணிந்து கேட்ட ஒருவரிடம், என்னிடம் எல்லோரும் நடந்துகொண்டதைப் போலவே நானும் நடந்துகொண்டேன். இன்று நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்ஸியா போன்ற மூளை அமைப்பு உள்ளவர்களை இன்று நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். அப்படிப்பட்ட தமிழ் பேசும் பெரியவர்களுக்கான இந்த இணையக் குழுவை ஆறு ஆண்டுகளாகச் சில நண்பர்களோடு சேர்ந்து நடத்துகிறேன். அதில் கற்றதை, இப்படி ஒரு குழு தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சொல்லிவிடுங்கள்

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று பொருட்பாலில், இன்னொன்று காமத்துப்பாலில். முகம் பார்த்து மனசைப் படிப்பது நம்மிடையே அவ்வளவு பெரிய குணம். "இதைக்கூடவா சொல்லணும்?" என்பது நம் வீடுகளில் கேள்வியே இல்லை, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் எங்கள் குழுவுக்கு வருகிறார்கள்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான புரியாமை ஒரு பக்கத்துக் குறை அல்ல, இரு பக்கமும் ஒருவரை ஒருவர் படிக்கத் தவறுகிறார்கள் என்பது அது. 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு என்று வரிசையாகக் கடத்தச் செய்து பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்துபோனது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். குறிப்பறியாத மனிதர்களைத் திருத்துவது குழுவின் வேலை இல்லை. குறிப்பே தேவைப்படாதபடி பேச்சை அமைத்துக்கொடுப்பதுதான் வேலை.

ஆகவே அந்த ஒற்றை விதியை எடுத்துவிட்டு, தம்பி கேட்ட லிஸ்டையே எழுதினோம். அவரும் உடன் உட்கார்ந்தார். மற்றவர் வேறு மாதிரி சொல்லும்வரை "நீங்க" என்றே பேசுங்கள். டா, டி வேண்டாம். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று எழுதாதீர்கள். யாருடைய எழுத்துப் பிழையையும் திருத்தாதீர்கள். கருத்தை மறுக்கலாம், ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் கீழே, எழுதலாம் என்று ஒரு வாக்கியம், எழுதக் கூடாது என்று ஒரு வாக்கியம் போட்டோம். விதி நீண்டது, சண்டை குறைந்தது.

விளையாட்டுப் பேச்சும் அப்படியே. கிண்டலாக எழுதினால் கடைசியில் "சும்மா சொன்னேன்" என்று சேர்க்க வேண்டும். நகைச்சுவை கெட்டுவிடும் என்று சிலர் வருந்தினார்கள். ஆனால் அந்த இரண்டு சொற்கள் இல்லாததால் இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களை நான் அறிவேன்.

என்ன வேண்டும் என்று முதலிலேயே

அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் 1992இல் தொடங்கிய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் அமைப்பு, 1996 முதல் ஆட்ரீட் என்ற கூடுகையை நடத்தியது. அங்கே வருபவர்கள் நிற அட்டை அணிந்திருப்பார்கள். சிவப்பு என்றால் என்னிடம் யாரும் பேச்சுத் தொடங்க வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் எனக்குப் பேச ஆசை, தொடங்கத்தான் வரவில்லை, நீங்களே வந்து பேசுங்கள்.

அந்த யோசனையை எங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். மனசில் உள்ளதை எழுதுபவர் முதல் வரியில் மூன்றில் ஒன்றைப் போடுவார்: "கேட்டால் போதும்", "யோசனை வேண்டும்", "பதில் வேண்டாம்". வேலை போன துக்கத்தை எழுதும் ஒருவருக்கு உடனே பத்துப் பேர் வேலைவாய்ப்பு லிங்க் அனுப்புவது நின்றது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்பைக் காட்ட அவர்களுக்குத் தெரிந்த வழி அது. எந்த வழி வேண்டும் என்று தெரிந்ததும் அவர்களுக்கும் நிம்மதி.

ஒருவர் நிழல் இன்னொருவருக்கு வெயில்

மிகவும் கடினமான பாடம் இது. டிஸ்லெக்ஸியா உள்ள ஒரு அண்ணா எப்போதும் ஒன்பது நிமிடம், பத்து நிமிடம் என்று வாய்ஸ் அனுப்புவார். எழுதுவது அவருக்கு மலையேற்றம். காதால் கேட்டதைப் பிரித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் இன்னொரு தோழிக்கு வாய்ஸ் என்றால் வெறும் இரைச்சல். "எழுதுங்களேன்" என்று அவர் கேட்க, "முடிஞ்சா எழுத மாட்டேனா?" என்று இவர் வெடிக்க, குழு இரண்டாகப் பிரிந்து நின்றது.

யார் சரி என்று தேடியதுதான் என் தவறு. இரண்டு தேவையும் நியாயமானவை. ஒன்றோடொன்று மோதுகின்றன, அவ்வளவுதான். வாய்ஸ் இரண்டு நிமிடத்துக்குள், எழுத்து என்றால் நாலு வரிக்கு ஒரு இடைவெளி என்று பேசி முடித்தோம். நீளமான வாய்ஸுக்கு, விருப்பமுள்ள யாராவது கீழே சுருக்கம் எழுதுவார். தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தில் தமிழா என்பது அவரவர் வசதி. இன்று அந்த அண்ணாவின் வாய்ஸுக்குப் பெரும்பாலும் சுருக்கம் எழுதுவது வேறொரு ஏடிஎச்டி தம்பி. எழுதினால்தான் கவனம் நிற்கிறது என்கிறார்.

ஒன்றில் மூழ்கியவர்கள் அதைப் பற்றி மணிக்கணக்கில் எழுதவும் தனி அறை திறந்தோம். கோவை பஸ் ரூட், கல்வெட்டு, கீபோர்டு என்று அங்கே மழைதான். "போதும்" என்று யாரும் சொல்ல முடியாத ஒரே இடம் அது.

கண்டிக்க நேரும்போது

ஆரம்பத்தில் எல்லோர் முன்னாலும் "இது கடைசி எச்சரிக்கை" என்று ஒருவருக்கு எழுதினேன். அவர் மாதக்கணக்கில் வரவில்லை. திரும்பி வந்தபோது, போனைத் தொடவே கை நடுங்கியது என்றார். சின்னக் கண்டிப்பும் உடம்பு வலியாகவே இறங்குகிறவர்கள் நம்மில் நிறைய.

இப்போது தனியாகத்தான் எழுதுவேன். அந்தச் செய்தி எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும். "உங்களைக் குழுவிலிருந்து எடுக்கப் போவதில்லை" என்பது முதல் வரி. எந்த வாக்கியம், எந்த விதியை மீறியது என்பது இரண்டாவது. இனி என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. "பதில் எழுத அவசரமில்லை" என்று முடிப்பேன். "உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் போகவே கூடாது. அந்த ஒரு வரி, விஷயம் தெரியும்வரை ஒருவரைச் சித்திரவதை செய்யும்.

வாக்குவாதம் சூடேறினால் டெலிகிராமில் உள்ள ஸ்லோ மோடைப் போடுகிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருவருக்கு ஒரு செய்திதான். ஏன் போட்டோம், எப்போது எடுப்போம் என்பதையும் கூடவே எழுதுகிறோம். அதே தவறைத் தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்து பிறரைக் காயப்படுத்துபவரை நீக்கத்தான் வேண்டும். அவருக்கும் இதே மூளை அமைப்பு என்பது, அடிபட்டவருக்கு ஆறுதல் ஆகாது.

உள்ளே வருவதும் வெளியே போகக் கூடாததும்

மருத்துவச் சான்று காட்டினால்தான் சேர்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். மறுத்தேன். வயது வந்தபின் இதைச் சோதித்துச் சொல்லும் மருத்துவர்கள் பெரிய ஊர்களில்கூடக் குறைவு, செலவும் அதிகம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஎச்டி பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. காகிதம் கேட்டால் யார் வெளியே நிற்பார்கள் என்பது தெளிவு.

முதலில் வாட்ஸ்அப்பில் இருந்தோம். எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்தது. பெண்களுக்குத் தனிச் செய்திகள் வரத் தொடங்கின. ஒரு தங்கை தன் மாத்திரை பற்றி எழுதியதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றி அவளைப் பெண் கேட்டு வந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே இடம் மாறினோம். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், புனைபெயர் வைக்கலாம். எண்ணை மறைக்கும் வழியைப் புதிதாக வருபவருக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். தனிச் செய்தி அனுப்பும் முன் பொதுவில் அனுமதி கேட்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்பினால் முதல் முறையிலேயே நீக்கம்.

மருந்து அனுபவத்தைப் பகிரலாம். எத்தனை மில்லிகிராம் என்று சொல்லக் கூடாது. மிச்ச மாத்திரையைக் கேட்கவோ கொடுக்கவோ கூடாது. ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து.

நள்ளிரவுச் செய்தி

"நான் இல்லாம போனா எல்லாருக்கும் நல்லது" என்று ஒருநாள் ஒரு மணிக்கு ஒருவர் எழுதினார். பதறிப்போய் ஆளாளுக்கு எழுதினோம். அவர் அன்று பிழைத்தது, பக்கத்து ஊரிலிருந்த ஓர் உறுப்பினர் வண்டியெடுத்துப் போனதால். அதை நம்பி ஒரு குழுவை நடத்த முடியாது.

இப்போது முறை வைத்திருக்கிறோம். சேரும்போதே, விருப்பமிருந்தால், நம்பிக்கையான ஒருவர் எண்ணைத் தரலாம். அது இரண்டு அட்மின்களிடம் மட்டும் இருக்கும். இப்படிச் செய்தி வந்தால் ஒரு அட்மின் தனியாகப் பேசுவார், இன்னொருவர் குழுவைப் பார்த்துக்கொள்வார். "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்கிறோம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்குக் கேட்டதே ஆறுதல். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112. நாங்கள் மருத்துவர்கள் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நடத்துபவரும் களைப்பார்

இரண்டாம் ஆண்டில் நான் மூன்று வாரம் காணாமல் போனேன். சொல்லவில்லை, சொல்லத் தெம்பில்லை. திரும்பி வந்தபோது, தான் எழுதிய ஏதோ ஒன்றால்தான் நான் போய்விட்டேன் என்று நினைத்து மூன்று பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை நானே கடைப்பிடிக்கவில்லை.

இப்போது நாலு பேர் முறைவைத்துப் பார்க்கிறோம். அவசரம் தவிர, இரவு பத்துக்கு மேல் அட்மின் இருக்க மாட்டார் என்பது குழுவின் மேலேயே எழுதியிருக்கிறது. ஒதுங்க நினைப்பவர் யாரானாலும் ஒரு வரி போடுவார்: "கொஞ்ச நாள் பேச மாட்டேன். கோபம் இல்லை, களைப்பு." விதிகளை எழுதவைத்த அந்தத் தம்பி கண்டுபிடித்த வரி அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தபோது அதையே அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, இன்னிக்குப் பேச முடியல. கோபமில்ல, களைப்பு." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "செரி" என்று வைத்துவிட்டாள். மனத்தாங்கலோ என்று வாரம் முழுக்க உழன்றேன். அடுத்த ஞாயிறு நானே அழைத்தேன்.

"கண்ணு, இன்னிக்கு எனக்கு முடியல," என்றாள் அம்மா. "கோபமெல்லாம் இல்ல. நாளைக்குப் பேசறேன்."