செசபீக்கில் மூன்று நாள், ஒரு பாய்மரப் படகு: செய்யக்கூடாதவையும் செய்ய வேண்டியவையும்

அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்து முதல் திங்கள் தொழிலாளர் தினம். சனி, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள் லீவு. மேரிலாந்தில் படகு வைத்திருப்பவர்களும், படகு வைத்திருப்பவரைத் தெரிந்து வைத்திருப்பவர்களும் அந்த மூன்று நாளும் செசபீக் விரிகுடாவில்தான் கிடப்பார்கள். நான் இரண்டாவது ரகம். தூத்துக்குடிக்காரர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி, 32 அடிப் பாய்மரப் படகு ஒன்றை அன்னாபோலிஸில் கட்டி வைத்திருக்கிறார். ஏழெட்டு வருடமாக அதில் கயிறு இழுப்பதும் சோறு கட்டிக்கொண்டு போவதும் என் வேலை. இந்தப் பட்டியலில் இருப்பதில் முக்கால்வாசி நாங்கள் தப்பாகச் செய்து தெரிந்துகொண்டவை.

செசபீக் சுமார் 200 மைல் நீளம். சராசரி ஆழமோ வெறும் 21 அடி. இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடாதீர்கள். கீழே திரும்பத் திரும்ப வரும்.

செய்யக்கூடாதவை

இந்த ஊருக்குத்தான் போகிறோம் என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். அன்னாபோலிஸிலிருந்து கென்ட் தீவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு செயின்ட் மைக்கேல்ஸ் போக சுமார் 25 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகம் என்றால் ஐந்து மணி நேரம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். காற்று எதிரே இருந்தால் பாய்மரப் படகு நேராகப் போகாது; வலமும் இடமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். ஐந்து மணி நேரம் எட்டாகும். அதற்குள் ஆறு மணிக்கு உணவகத்தில் மேசை சொல்லி வைத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். படகில் சண்டை பிறப்பது அங்கேதான். கையில் மூன்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கேயிருந்து காற்றடித்தால் வடக்கே மகோதி ஆறு. வடக்கேயிருந்து அடித்தால் தெற்கே ரோட் ஆறு. நல்ல மேற்குக் காற்று கிடைத்தால் கிழக்குக் கரை. சனிக்கிழமை காலை காற்றைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

செவ்வாய்க்கிழமைக் காலையைப் படகில் ஏற்றாதீர்கள். இதை நாங்கள் செய்தோம். ஒரு வருடம் ஞாயிறு இரவு குளிர்முகம் ஒன்று கடந்துபோனது. திங்கள் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் நீலம். வடமேற்கிலிருந்து 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) காற்று. கென்ட் தீவு முனையிலிருந்து அன்னாபோலிஸ் ஏறக்குறைய வடமேற்கில் இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட காற்று வருகிற இடத்துக்கே நாங்கள் போக வேண்டும். செவ்வாய் ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு மீட்டிங். அதற்காகக் கிளம்பினோம்.

ஆழமில்லாத தண்ணீரில் அலை நீண்டு புரளாது, குத்துக் குத்தாக எழும். மூன்றடி அலைதான். ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி மூக்கை நிமிர்த்துவதற்குள் அடுத்தது முகத்தில் அடிக்கும். பெரிய கடலில் பத்தடி அலையைப் பார்த்தவர்கள்கூட இதை இளப்பமாகப் பேசமாட்டார்கள். என் மகள் கேபினில் படுத்தபடி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். எஞ்சினைப் போட்டும் மணிக்கு இரண்டு மைல் தாண்டவில்லை. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "மீட்டிங் முக்கியமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இரவு பத்தரைக்குக் கட்டுத்துறைக்கு வந்தோம். மறுநாள் அந்த மீட்டிங் ரத்தாகியிருந்தது.

பாய் விரித்திருக்கிறது, வழி நமக்குத்தான் என்று எண்ணாதீர்கள். எஞ்சின் படகைத் தள்ளிக்கொண்டிருந்தால், பாய் மேலே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மோட்டார் படகு. பால்டிமோர் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் கப்பலோ தூர்வாரிய கால்வாயைவிட்டு ஓர் அடி நகர முடியாது. நகர்ந்தால் தரைதட்டும். நம்மைப் பார்த்து நிறுத்தலாம் என்று மாலுமி நினைத்தாலும் அத்தனை எடை உடனே நிற்காது. தூரத்தில் பெட்டி பெட்டியாக ஒன்று தெரிந்தால் அப்போதே விலகிக்கொள்ளுங்கள். அது மெதுவாக வருவதுபோலத்தான் தெரியும். கிட்டே வந்த பிறகுதான் வேகம் புரியும்.

நண்டுக்கூண்டு மிதவைகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். நீலநண்டு பிடிக்கிறவர்கள் கம்பிக்கூண்டை அடியில் இறக்கி, கயிற்று நுனியில் ஒரு சின்ன மிதவையைக் கட்டி விட்டிருப்பார்கள். வெயில் எதிரே அடிக்கும்போது அது கண்ணில் படாது. கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். பிறகு யாராவது கத்தியோடு தண்ணீரில் இறங்க வேண்டும். கோடை முழுக்க சொறிமுட்டை மிதக்கிற தண்ணீர் அது. இறங்கியவன் நான். கயிறு போனால் ஒரு மீனவருக்குக் கூண்டும் பிழைப்பும் போகிறது என்பதையும் நினைக்க வேண்டும். முன்னால் ஒருவரை உட்காரவைத்து மிதவை பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

அப்பளம் பொரிக்காதீர்கள். சிரிக்க வேண்டாம். படகு அசையாமல் நங்கூரத்தில் நிற்கும்போது வாணலியில் எண்ணெய் வைத்தோம். நூறடி தள்ளி ஒரு வேகப்படகு போனது. அதன் அலை அரை நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. யாருக்கும் காயமில்லை, கேபின் தரைக்குத்தான். அடுத்த கோடைவரை வழுக்கியது.

விடுமுறை மாலையில் ஈகோ ஆலிக்குள் நுழையாதீர்கள். அன்னாபோலிஸ் நகர நடுவே கட்டுத்துறைவரை போகிற குறுகலான நீர்ச்சந்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. கோடிகள் கொட்டிய படகுகள் உள்ளே போய், திரும்பி, வெளியே வரும். இருகரையிலும் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்து ஊர் வேடிக்கை பார்க்கும். நீங்களும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு கரையில் உட்காருங்கள்.

குடித்துவிட்டுச் சுக்கான் பிடிப்பதும் காரோட்டுவதைப் போலவே குற்றம். கழிவறைத் தொட்டியை விரிகுடாவில் திறந்துவிடுவதும் குற்றம்தான். உறிஞ்சி எடுக்கும் பம்ப் பெரும்பாலான படகுத்துறைகளில் உண்டு.

செய்ய வேண்டியவை

கரையில் ஒரே ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். முதலில் ஊரைத் தீர்மானிக்காதே என்றுவிட்டு இப்போது இப்படிச் சொல்கிறானே என்று தோன்றும். அந்த மூன்று பெயர்கள், படகின் நிறம், எத்தனை பேர், எந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் கடலோரக் காவல் படையைக் கூப்பிட வேண்டும், இவ்வளவு போதும். விருந்து வைத்து வரவேற்பவரிடம் சொல்லாதீர்கள். கவலைப்படத் தெரிந்தவரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அது அண்ணாச்சி வீட்டு மதினி. அவர் படகில் கால் வைக்கமாட்டார்.

விஎச்எஃப் ரேடியோவை 16-ஆம் சேனலில் வைத்திருங்கள், மேற்கு வானத்தை அடிக்கடி பாருங்கள். கைபேசி இருக்கிறதே என்பார்கள். கைபேசி ஒருவரை அழைக்கும். 16-இல் பேசினால் பக்கத்திலிருக்கும் படகுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும். கோடை மாலை இடிமழை இங்கே மேற்கேயிருந்துதான் வரும். முதலில் காற்று செத்துப்போகும். பாய் தொங்கும், வியர்வை வழியும். பிறகு சில்லென்று ஒரு மூச்சு கன்னத்தில் படும். அந்தச் சில்லிப்புக்கும் நாற்பது நாட் அடிக்கும் காற்றுக்கும் நடுவே சில நிமிடம்தான் இருக்கும். முதல் தடவை நான், இது மழை மேகமா, வெறும் மூட்டமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். "ஏ தம்பி, பாய இறக்கு முதல்ல. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அண்ணாச்சி. பாயை இறக்கலாமா என்று மனதில் கேள்வி எழும்போதே இறக்கிவிட வேண்டும்.

சிவப்பை வலப்பக்கம் வையுங்கள். கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு அடையாளங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். இந்தியாவில் நேர்மாறு, அங்கே சிவப்பு இடப்பக்கம். அண்ணாச்சி முதல் வருடம் இந்தக் குழப்பத்தில் ஒரு சேற்றுமேட்டில் ஏற்றினார். நல்லவேளையாக செசபீக்கின் அடி பெரும்பாலும் சேறு. தரைதட்டினால் படகைவிட மானத்துக்குத்தான் சேதம் அதிகம். ஆனால் ஏற்றம் வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அன்னாபோலிஸ் பக்கம் ஏற்றவற்றம் ஓர் அடி அளவுதான். வடமேற்குக் காற்று நீடித்து அடித்தால் விரிகுடாத் தண்ணீரையே தெற்கே தள்ளிவிடும். வரைபடத்தில் ஐந்தடி என்று போட்ட இடத்தில் நாலடிகூட இருக்காது.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடுங்கள். 21 அடிக்குக் குறைந்த படகில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அணிந்தே ஆக வேண்டும் என்கிறது மேரிலாந்து சட்டம். 32 அடிப் படகிலிருந்து விழுந்தால் மட்டும் தண்ணீர் தாங்கிக்கொள்ளுமா?

நங்கூரத்துக்குக் கயிறு தாராளமாக விடுங்கள், கணக்கோடு விடுங்கள். எட்டடி ஆழத்தில் நிற்கிறீர்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் அணியம் நாலடி உயரம். மொத்தம் பன்னிரண்டு. ராத்தங்கலுக்கு ஏழு மடங்கு, அதாவது 84 அடி. அணியத்தின் உயரத்தை விட்டுவிட்டு ஆழத்தை மட்டும் பெருக்கினால் 56 அடிதான் வரும். நள்ளிரவில் காற்று திரும்பும்போது அந்தப் பிழை தெரியும். கயிறு நீளமாக இருந்தால் இழுவிசை கிடையாக விழும், நங்கூரம் சேற்றில் புதையும். குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். விஷயம் அவ்வளவுதான். போட்டதும் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். கையைக் கயிற்றின்மேல் வைத்தால், நங்கூரம் பிடித்திருந்தால் கயிறு விறைத்து அசையாமல் நிற்கும், வழுக்கினால் தடதடவென்று அதிர்வது உள்ளங்கையில் தெரியும். படகு நகர்ந்தால் தெரிவதற்காகக் கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கூரையையும் நேர்கோட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாள் கூட்டத்தில் பக்கத்துப் படகும் உங்களைப்போலவே சுழலும் என்பதால் அவர் எவ்வளவு கயிறு விட்டிருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருட்டியதும் பாய்மர உச்சியில் வெள்ளை விளக்கு.

புளியோதரை கட்டுங்கள். ஐஸ்பெட்டி வேண்டாம், சூடாக்க வேண்டாம், படகு சாய்ந்தால் வழியாது. முதல் நாள் மதியத்துக்கு அது, இரவுக்குத் தயிர்சாதம். கரையில் இறங்கினால் ஓல்ட் பே மசாலா தூவி அவித்த நீலநண்டைக் காகிதம் விரித்த மேசையில் கொட்டுவார்கள். மரச்சுத்தியால் உடைத்துத் தின்ன இரண்டு மணி நேரமாகும். பதப்படுத்திய நண்டுச்சதையில் செய்கிற கிராப் கேக் வேறு கதை. ராமநாதபுரம் பக்கத்தில், பாக் விரிகுடாவில் பிடிபடும் நீலக்கால் நண்டு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. நீங்கள் செசபீக் கரையில் ரசித்துத் தின்கிற கேக்கில் அது இருந்தாலும் இருக்கும்.

கரையின் கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். பாதையிலேயே தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம் வரும். தண்ணீருக்கு நடுவே இரும்புக்கால்களில் அறுகோண வீடு, 1875-இல் கட்டியது. எல்லோரும் படம் எடுக்கிற இடம். யாரும் படம் எடுக்காத இடம், உள்ளே வை ஆற்றின் கிழக்குக் கிளையில் இருக்கிறது: வை ஹவுஸ். அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ் சிறுவயதில் இருந்த பண்ணை. 1834-இல், பதினாறு வயதுவாக்கில், செயின்ட் மைக்கேல்ஸ் பக்கத்தில் வேறொரு பண்ணையில் அடிபட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, இதே விரிகுடாவில் போகிற வெள்ளைப் பாய்களைக் கரையில் நின்று பார்த்து அவர் மனம் வெந்ததை 1845-இல் வந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்தக் கரையோரம் பாயை விரித்துக்கொண்டு போகும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை.

ராத்திரி ஒருமுறை எல்லா விளக்கையும் அணையுங்கள், உச்சி விளக்கைத் தவிர. போன வருடமும் திங்களன்று வடமேற்குதான் அடித்தது. கிளம்பலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மதினிக்குப் போன் போட்டோம், நான் ஆபீசுக்கு ஒரு நாள் லீவு சொன்னேன், வை ஆற்றில் கிரேனரி கிரீக்குக்குள் திரும்பி மரங்களுக்கு மறைவாக நங்கூரம் போட்டோம். முந்தைய இரவு அங்கே முப்பது படகு இருந்தது. அன்று நாங்கள் மட்டும். என் மகள் சிறுபடகின் துடுப்பை எடுத்துத் தண்ணீரைக் கலக்கினாள். சீப்புச்சொறிகள், கொட்டாதவை, துடுப்பு பட்ட இடத்திலெல்லாம் பச்சையாக மின்னி அணைந்தன. "அண்ணாச்சி மாமா, இங்கயும்! இங்கயும்!" என்று கத்திக்கொண்டே படகுத் தளத்தைச் சுற்றி ஓடினாள். அண்ணாச்சி தயிர்சாதக் கையோடு எட்டிப் பார்த்தார்.