அசதி வேறு, சோம்பல் வேறு

"மலை ஏறுறதுக்குள்ளேயே மூச்சு வாங்குது. கண்ணு இருட்டுது. கூடை பாரமா இருக்கு." கந்தப்பளைப் பக்கம் கொழுந்தெடுக்கும் பெண்கள் இப்படிச் சொன்னால் குளிர், மழை என்று விட்டுவிடுகிறோம். சிலர் சோம்பல் என்றே ஏசுகிறார்கள்.

1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. வெறுங்காலில் நடப்பவர்களின் பாதத் தோல் வழியாக உள்ளே போகும் அந்தப் புழு, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அந்தக் காலத்தில் சோம்பேறி என்று ஏச்சு வாங்கியவர்களில் இரத்தம் குறைந்தவர்கள் எத்தனை பேரோ!

இன்றும் பெண்களின் தீராத அசதிக்கு முக்கிய காரணம் இரத்தச்சோகை. மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் இரும்புச்சத்து குறைகிறது. சாப்பாட்டில் திரும்பக் கிடைப்பதோ கொஞ்சம். ரொட்டி, சம்பல், பக்கத்திலேயே ஒரு கோப்பை சாயத்தண்ணி. இதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் பறிக்கிற அதே கொழுந்தின் சாயம், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. இந்தக் குளிரில் சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்? சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு குடியுங்கள். சாப்பாட்டோடு சுடுதண்ணி போதும்.

தேசிக்காய்ப் புளி இதற்கு நேர்மாறு. வல்லாரைச் சம்பலில் பிழிந்து விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். கோவாவிலும் உயிர்ச்சத்து சி உண்டு. ஆனால் நெடுநேரம் அவித்துத் தண்ணியைக் கொட்டினால் அது போய்விடும். நன்றாகக் கழுவி, கொஞ்சத்தைப் பச்சையாகவே நறுக்கிச் சாப்பிடலாம். நெத்தலி, கருவாடு, இறைச்சி வாங்குகிற நாளில் தாய்க்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற பழக்கம் நம் லயங்களில் இன்னும் போகவில்லை.

விடியுமுன் எழும்பி, தண்ணி பிடித்து, சமைத்து, மலைக்குப் போய், அந்தியில் திரும்பி மறுபடியும் அடுப்படி. இந்த உடம்புக்கு நித்திரை எங்கே? அண்ணன்மார்களே, தண்ணியும் விறகும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

இரத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால் சாப்பாடு மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை, கர்ப்பிணிக்கு 11. இரும்பு மாத்திரை தந்தால் தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். அசதி தெளிந்த பிறகும் சில மாதம் எடுத்தால்தான் உடம்பில் இரும்பு சேமிப்பாகும். புழு மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள்.

இரத்தம் சரியாக இருந்தும் அசதி தீராவிட்டால் சீனி வருத்தம், தைராய்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு நோவு, கால் வீக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.