கையை உதறும் பிள்ளையை ஏன் அடக்குகிறோம்?

கைகளைப் படபடவென்று உதறுவது, உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் ஆடுவது, விரல்களைக் கண்ணெதிரே அசைத்துப் பார்ப்பது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இத்தகைய செயல்களை உளவியலில் ‘ஸ்டிம்மிங்’ என்கிறார்கள். தன் புலன்களுக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தூண்டல் அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகமாகத் தெரியும். இதைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான நம்பிக்கைகளால் அந்தப் பிள்ளைகள் அன்றாடம் அதட்டலும் அடியும் வாங்குகிறார்கள்.

நம்பிக்கை: கையை உதறினாலே ஆட்டிசம்தான்.

உண்மை: யோசனையில் இருக்கும்போது காலாட்டுகிறோம், நகம் கடிக்கிறோம், முடியை விரலில் சுற்றுகிறோம். “காலாட்டினால் வீட்டில் காசு தங்காது” என்று பெரியவர்கள் அதட்டும் அளவுக்கு இது பரவலான வழக்கம். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன், இயல்பாக வளரும் 20 கைக்குழந்தைகளைக் கவனித்து, உதைப்பது, ஆடுவது, கைவீசுவது போன்ற தாள அசைவுகள் வளர்ச்சியின் பகுதி என்று 1979-ல் எழுதினார். 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 மருத்துவக் கையேட்டின்படி, ஆட்டிசம் என்று முடிவுசெய்ய, பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் சிரமங்கள் இருக்க வேண்டும். அதோடு, திரும்பத் திரும்பச் செய்தல் தொடர்பான நான்கு வகை அடையாளங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கை உதறலை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

நம்பிக்கை: இது கெட்ட பழக்கம். கண்டித்தால் நின்றுவிடும்.

உண்மை: மண்டபத்து மேளச் சத்தமும் விளக்கு வெளிச்சமும் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது, சீரான ஓர் அசைவு அந்தப் பிள்ளையை நிலைப்படுத்துகிறது. மகிழ்ச்சியிலும் இது வரும். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, வட்டமான பொருட்களைச் சுழலவிட்டு ஆனந்தத்தில் குதித்த டொனால்டு என்ற சிறுவன் வருகிறான்.

ஆனாலும் இதை அடக்குவதே சிகிச்சை என்று மருத்துவ உலகில் பலர் வெகுகாலம் நம்பினார்கள். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் உளவியலாளர் ஐவார் லோவாஸின் குழுவினர் இதை நிறுத்தக் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சிகூடக் கொடுத்தார்கள். 2019-ல் ஸ்டீவன் காப் முதலிய ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் பேசினார்கள். இது தங்களை ஆசுவாசப்படுத்துகிறது என்றும், இதை ஒழிக்கும் சிகிச்சை வேண்டாம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

நம்பிக்கை: ஓசிடியும் இதுவும் ஒன்றுதான்.

உண்மை: வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஓசிடி என்னும் மனநலப் பாதிப்பில் வேண்டாத எண்ணமும் பயமும் துரத்த, செய்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடியில் ஒருவர் கை கழுவுகிறார், பூட்டை இழுத்துப் பார்க்கிறார். ஸ்டிம்மிங் பெரும்பாலும் இதமாக இருப்பதால் செய்யப்படுவது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால் பிரித்தறிவதை மருத்துவரிடம் விட வேண்டும்.

நம்பிக்கை: கையைக் கட்டி உட்கார்ந்தால்தான் பாடம் மண்டையில் ஏறும்.

உண்மை: அசைவை அடக்கவே தன் கவனத்தையெல்லாம் செலவழிக்கும் பிள்ளைக்குப் பாடத்தில் வைக்கக் கவனம் மிஞ்சாது. ஆசிரியர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: ஆடிக்கொண்டே கேட்கும் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கலாம். கையில் ஒரு மென்பந்தைக் கொடுங்கள், ஓரத்தில் எழுந்து நிற்க இடம் கொடுங்கள்.

நம்பிக்கை: அப்படியானால் எதையுமே தடுக்கக் கூடாது.

உண்மை: தலையைச் சுவரில் மோதுவது, கையைக் கடித்துப் புண்ணாக்குவது போன்றவற்றை அப்படியே விட முடியாது. அங்கும் முதலில் காரணத்தைத் தேடுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் காதுவலியோ பல்வலியோ மலச்சிக்கலோ இருக்கலாம். அசைவின்போது கூப்பிட்டாலும் தொட்டாலும் உணர்வே இல்லாமல் வெறித்துப் பார்த்தால் அது வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலை கவிழ்ந்து, கைகள் விரிந்து, அடுத்தடுத்து வெட்டினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களை அணுகலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

பெற்றோர் பலர் பிள்ளையை அதட்டுவது ஊரின் பார்வைக்கு அஞ்சித்தான். அதனால் இந்தப் பொறுப்பு அவர்களோடு முடிவதில்லை. யாருக்கும் தீங்கு செய்யாத ஓர் அசைவை முறைக்காமல், முணுமுணுக்காமல் கடந்துபோக ஊரார் பழகிவிட்டால், பாதி அதட்டல் தானாகவே குறையும்.